மாரிக்கு ஒரு வருமானம்

அரசாங்கத்தின் பணம் எந்தெந்த ஆண்டுகளில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கடலோர ஊரான மாங்கேணிக்கு வந்தது என்று கணக்கெழுத உட்கார்ந்தால், எழுதி முடிப்பது இந்தக் கரை பட்ட இடர்களின் வரலாறாகவே இருக்கும். 1978 சூறாவளி, 2004 சுனாமி, 2006இலும் 2007இலும் நடந்த வாகரைச் சண்டையும் இடப்பெயர்வும், 2011 வெள்ளம், 2020 கொரோனா, 2022 பொருளாதார வீழ்ச்சி, 2025 டித்வா புயல். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நிவாரணம், ஒரு பெயர்ப்பட்டியல், ஒரு கடைசித் திகதி. அந்தத் திகதிக்குப் பிறகு என்ன சாப்பிட்டார்கள் என்பதற்குக் கணக்கில் இடமில்லை. சண்டை இந்தப் பக்கம் ஓய்ந்து ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, 2012/13இல் எடுத்த கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தின் வறுமை 19.4 வீதம். நாடு முழுவதற்கும் அது 6.7 வீதம்.

நிவாரணம் என்று வந்த பணத்தை வேறு விதமாகச் செலவழிக்க முடியுமா என்று அண்மையில் பரீட்சித்துப் பார்த்தவை அமெரிக்க நகரங்கள். கொரோனாவின் பின் 2021இல் வாஷிங்டன் தன் மீட்புச் சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் 350 பில்லியன் டொலரை ஒதுக்கியது. வீதி போடலாம், பொலிஸுக்குச் சம்பளம் கொடுக்கலாம், பாதாள வாய்க்கால் திருத்தலாம். சில நகரசபைகள் அதில் ஒரு பங்கை எடுத்து ஏழைக் குடும்பங்களின் கையில் மாதாமாதம் நேரே கொடுத்தன. சிகாகோ 5,000 குடும்பங்களுக்கு மாதம் 500 டொலர் வீதம் ஓராண்டு கொடுத்தது. எதற்குச் செலவழித்தாய் என்று கேட்கவில்லை. ஏறத்தாழ 1,76,000 பேர் விண்ணப்பித்ததால் குலுக்கல் போட்டுத்தான் ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். ஆண்டு முடிந்ததும் கொடுப்பனவு நின்றது.

இதை ஏதோ புதுமை என்று நாம் வியக்கத் தேவையில்லை. இலங்கைக்கு இதில் எண்பது ஆண்டுக்கும் மேலான அனுபவம் இருக்கிறது. 1939இல் இயற்றப்பட்ட வறியோர் சட்டம், தன் எல்லைக்குள் இருக்கும் ஏழையைப் பார்ப்பது நகரசபையின் கடமை என்றது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரங்களில் மட்டும். மற்ற ஊர்களின் ஏழை மத்திய அரசின் திணைக்களம் தரும் பிச்சைச் சம்பளத்தை நம்பி இருந்தான். உள்ளூர்ச் சபை தன் மக்களுக்குப் பொறுப்பு என்ற எண்ணம் இந்த மூன்று நகரங்களைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

ஊர்களுக்கு வந்தது வேறொன்று. உலகப்போர்க் காலத்தில், 1942இல் பங்கீடாகத் தொடங்கிய கூப்பன் அரிசி, போர் முடிந்தும் நிற்கவில்லை. சங்கக்கடைக்குப் புத்தகத்தைக் கொண்டு போனால் அரிசி. பணக்காரனா ஏழையா என்று பார்க்காத அந்த அரிசியில் கைவைக்க எந்த அரசுக்கும் எளிதில் துணிவு வரவில்லை. துணிந்தவர்கள் விலை கொடுத்தார்கள். 1953இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

அதே ஜயவர்தன 1978இல் ஆட்சியில் இருந்தபோது வேறு வழியைக் கண்டுபிடித்தார். விலையை ஏற்றவில்லை, ஆளைக் குறைத்தார். மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்துக்கு மட்டும் என்று ஜனவரியில் பங்கீடு சுருங்கியது. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி மட்டக்களப்பை அடித்துப் போட்டது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நேற்று வரை 300 ரூபாய்க்கு மேல் உழைத்தவன் ஒரே இரவில் ஒன்றுமில்லாதவன் ஆனான். 1979 செப்டெம்பரில் அரிசியின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை மாறவில்லை, அரிசி விலை மாறிக்கொண்டே இருந்தது. 1982 அளவில் முத்திரையின் உண்மைப் பெறுமதி ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. இதற்கு யாரும் ஹர்த்தால் செய்யவில்லை. எல்லோருக்கும் வரும் அரிசிக்காகக் கடைக்காரனும் கிளார்க்கும் தொழிற்சங்கமும் வீதிக்கு வந்தார்கள். பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் வருவதற்காக வீதிக்கு வர, பட்டியலில் உள்ளவர்களைத் தவிர யாரும் இல்லை. அவர்களுக்கோ சத்தம் போட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம்.

இந்த நாட்டின் வறுமைக் கொடுப்பனவுகளின் பிற்காலக் கதை முழுவதும் அந்தப் பட்டியலின் கதைதான். 1989இல் ஜனாதிபதி பிரேமதாச கொண்டுவந்த ஜனசவிய, குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் என்றது. 1,458 ரூபாய்க்குச் சாப்பாட்டுச் சாமான், மீதி சேமிப்பு, 24 மாதம் மட்டும். அது கட்டங்கட்டமாக நாடெங்கும் நகர வேண்டிய வேளையில், 1990 ஜூனில் கிழக்கில் மீண்டும் சண்டை மூண்டது. 1995இல் ஜனாதிபதி சந்திரிகாவின் அரசு சமுர்த்தியை அமைத்தது. கட்சி மாற மாறச் சமுர்த்திப் பட்டியலும் மாறியதை நாடு கண்டது.

சுனாமிக்குப் பின் பணம் கடல்போல் வந்தது. ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய் நிவாரணம், அதில் 200 ரூபாய் காசாக. குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வீதம் சில தவணைகள். முழுதாக இடிந்த வீட்டுக்கு இரண்டரை லட்சம். ஆனால் அந்தப் பணத்தைப் பற்றி முடிவெடுப்பது யார் என்ற கேள்வியில் நாடு உடைந்தது. மாங்கேணிக்கு வடக்கே அன்று புலிகளின் பகுதி. அரசும் புலிகளும் சேர்ந்து நிவாரணத்தைப் பகிர 2005 ஜூன் 24ஆம் திகதி கையெழுத்தான பொதுக் கட்டமைப்பை, ஜூலை 15ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அதன் முக்கிய பகுதிகள் பிறகு உயிர்பெறவே இல்லை. சிகாகோவின் நகரசபை வாஷிங்டன் பணத்தை வைத்துத் தானே முடிவெடுத்தது. இங்கே கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தபின் தேர்தலையே காணவில்லை. பிரதேச சபையின் கையில் தெருவிளக்கும் சந்தையும் குப்பை வண்டியும் இருக்கின்றன. யாருக்கு நிவாரணம் என்று எழுதும் பேனா மத்திய அரசின் கையில்.

இன்று அந்தப் பேனாவின் பெயர் அஸ்வெசும. 2023 ஜூலையில் தொடங்கியது. 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டு, குடும்பங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. மிக வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று தொடங்கி 2025இல் 17,500 ஆனது, வறியவர்களுக்கு 8,500 என்றது 10,000 ஆனது. பணம் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது, இது உண்மையான முன்னேற்றம். ஆனால் முதல் பட்டியல் வெளியானதும் வந்து குவிந்த மேன்முறையீடுகள் ஒன்பது லட்சத்தைத் தாண்டின.

ஏன் என்பதை மாங்கேணிக் கரையில் நின்றால் விளங்கிக்கொள்ளலாம். கரைவலை இழுக்கிறவருக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். வலைக்கும் தோணிக்கும் உரியதை அவற்றின் சொந்தக்காரரான சம்மாட்டி எடுத்தபின் மிஞ்சியது இழுத்தவர்களுக்குள் பிரியும். மீன் பட்ட நாளில் ஆயிரங்கள், படாத நாளில் கறிக்கு நாலு மீன். கார்த்திகை பிறந்து வாடை விழுந்தால் தோணி கரையில். களப்பில் இறால் படும் நாள் சில உண்டு, அதை நம்பி அடுப்பு மூட்ட முடியாது. தேனும் விறகும் எடுத்து வாழும் கடலோர வேடர் வழிவந்த குடும்பங்களுக்கும் மழைக்காலம் அப்படித்தான். இவர்களிடம் ‘மாத வருமானம் எவ்வளவு’ என்று கேட்டால், ‘எந்த மாதம்?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஆடியில் கணக்கெடுக்க வந்தால் இவர் ஏழை இல்லை, மார்கழியில் வந்தால் பரம ஏழை.

மார்கழி அரிசிக்கு வரும் பணம் பெண்களின் பெயரில் லோனாக வருகிறது. கிழமைக்குக் கிழமை லோன்காரர் வாசலில் நிற்க, ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுத்து நொடித்துப்போன பெண்களின் கதை மட்டக்களப்பில் ஊருக்கு ஊர் உண்டு. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. மூன்று மாத முடையை ஆண்டு முழுவதும் வட்டியாகக் கட்டுகிறார்கள். இந்த முடையை முன்கூட்டியே நிரப்புவதுதான் மலிவு.

சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள், சாராயத்துக்குப் போகும் என்பார்கள். சுனாமிக்குப் பின் உலக உணவுத் திட்டம் சாமானுக்குப் பதில் பணம் கொடுத்துப் பார்த்தபோது, வாங்கியவர்கள் அரிசியோடும் மாவோடும் நிற்காமல் பாலும் இறைச்சியும் சேர்த்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் 2019இல் 125 பேருக்கு மாதம் 500 டொலர் கொடுத்தபோது, மதுவுக்கும் புகையிலைக்கும் போனது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தமிழ்நாடு 2023 செப்டெம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 இந்திய ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அங்கே அடுப்புகள் அணைந்துவிடவில்லை.

எனவே மாங்கேணி அடங்கிய வாகரைப் பிரதேசத்தை வைத்து ஒன்றைச் செய்து பார்க்கலாம். கார்த்திகை, மார்கழி, தை என்ற மூன்று மாதங்களுக்கு, பிரதேச செயலகப் பிரிவின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுதோறும் ஒரே தொகை. புள்ளி வேண்டாம், மேன்முறையீடு வேண்டாம். அஸ்வெசுமவுக்காகத் திறந்த கணக்குகள் இருக்கின்றன, இல்லாதவர்களுக்குத் திறக்கலாம். மாதம் 10,000 ரூபாய் என்றால் ஆயிரம் குடும்பங்களுக்கு மூன்று கோடி. டித்வாவின் பின் வெள்ளம் புகுந்த ஒரு வீட்டைத் துப்புரவாக்கவே 25,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. வெள்ளம் வந்தபின் அவசரமாக ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, வெள்ளம் வரும் மாதம் தெரிந்த ஊருக்கு முன்பே ஒதுக்குவதுதான் கேட்பது. தொகை அரிசி விலையோடு ஏற வேண்டும். உணவு முத்திரைக்கு நேர்ந்தது இதற்கும் நேரக்கூடாது. எத்தனை ஆண்டு, எவ்வளவு என்பதைத் தெரிவுசெய்யப்பட்ட பிரதேச சபை மக்கள் முன் விவாதித்துத் தீர்மானிக்க வேண்டும்.

இதில் வசதியுள்ளவர்கள் சிலருக்கும் பணம் போகும். போகட்டும். சங்கக்கடை அரிசியை அவர்களும் வாங்கியதால்தான் 1953இல் அதைக் காப்பாற்ற ஆள் இருந்தது.