பதக்கம் கூலியல்ல

உத்திரமேரூர் வட்டாரத்துப் பள்ளிகளில் விளையாட்டு விழா நடந்தால் மேடையில் ஒரு பேச்சு தப்பாமல் கேட்கும். சிறப்பு விருந்தினர் மைக்கைத் தட்டிப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், பிறகு சொல்வார்: "உண்மையா உழைச்சவன் தோத்ததா சரித்திரமே இல்ல. தோத்தவன் எங்கேயோ உழைப்புல திருடியிருக்கான்னு அர்த்தம்." கைதட்டல் எழும். கொஞ்ச நேரம் முன்பு 800 மீட்டரில் நாலாவதாக வந்து, இன்னும் மூச்சு சீராகாத மானாம்பதிப் பெண்ணும் சேர்ந்து கைதட்டுவாள். ஊர்கூடித் தன்னைத்தான் திருடி என்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்காது. சொன்னவருக்கும் உறைக்காது.

இந்தப் பேச்சைத்தான் எதிர்க்கிறேன். உழைப்பை எதிர்த்து எழுத எனக்கென்ன பைத்தியமா? விடியற்காலை ஏரிக்கரையில் ஓடாதவர் மாவட்டப் போட்டிக்கே போக முடியாது. ஆனால் ஓடியவருக்கெல்லாம் பதக்கம் கூலியாக வந்து சேரும், வராவிட்டால் குறை அவரிடம்தான் என்பது பொய். நடுத்தூர ஓட்டத்தில் அது பச்சைப் பொய்.

நூறு மீட்டரில் ஆளுக்கொரு தடம். பக்கத்துத் தடத்துக்காரர் உங்களை இடிக்க முடியாது. 800 மீட்டரில் முதல் வளைவு முடியும் வரைதான் அந்தக் காவல். தாண்டியதும் எல்லாரும் உள்தடத்தை நோக்கிப் பாய்வார்கள். 1500 மீட்டரில் அதுகூட இல்லை. பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ ஒரே கோட்டிலிருந்து கிளம்புவார்கள். முழங்கை விலாவில் இடிக்கும், பின்னால் வருபவரின் ஸ்பைக்ஸ் ஆணி கெண்டைக்காலைக் கிழிக்கும். முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று அடைத்துவிட்டால் காலில் எவ்வளவு வேகம் மிச்சமிருந்தாலும் வெளியே வர வழியில்லை. இந்த இடிபாடே வேண்டாம் என்று இரண்டாம் தடத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்குச் சுமார் ஏழு மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஆசிய அளவில் ஓடும் ஆணுக்கு அது கிட்டத்தட்ட ஒரு விநாடி.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் 800 மீட்டரில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த இடைவெளி 0.20 விநாடி. வெள்ளி வாங்கிய கேரளத்தின் ஜின்சன் ஜான்சன், இரண்டு மாதம் முன்புதான் குவாஹாட்டியில் 1:45.65 ஓடித் தேசிய சாதனையை உடைத்திருந்தார். தங்கம் வாங்கிய ஹரியானாவின் மஞ்சித் சிங் பெயரை அதற்கு முன் அதிகம் பேர் உச்சரித்ததில்லை. அப்போது கையில் நிலையான வேலைகூட இல்லை அவருக்கு. கடைசி நூறு மீட்டரில் பின்னாலிருந்து வந்து எல்லாரையும் தாண்டினார். இரண்டு நாள் கழித்து 1500 மீட்டர். ஜின்சனுக்குத் தங்கம், மஞ்சித்துக்கு நாலாவது இடம். நம் சிறப்பு விருந்தினரை நான் கேட்பது இதுதான்: அந்த இரண்டு நாளில் யாருடைய உழைப்பு கூடியது, யாருடையது குறைந்தது?

ஜின்சன் உடைத்த அந்தச் சாதனைக்கும் ஒரு கதை உண்டு. 42 ஆண்டு நின்ற 1:45.77. ராணுவ வீரர் ஸ்ரீராம் சிங் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் இறுதியில் ஓடியது. முதல் சுற்றை முன்னின்று இழுத்தவர் அவரே. கியூபாவின் ஹுவான்டொரேனா அந்த வேகத்தில் ஏறி 1:43.50 என்று உலக சாதனை படைத்தார். ஸ்ரீராமுக்கு ஏழாவது இடம். நாலாண்டு கழித்து மாஸ்கோவில் ஸ்டீவ் ஓவெட் தங்கம் வென்ற நேரம் 1:45.4, செபாஸ்டியன் கோவின் வெள்ளி 1:45.9. மாண்ட்ரியலில் ஏழாவதான அதே நேரம் மாஸ்கோவில் கோவுக்கு முன்னால் நிற்கும். மாஸ்கோ ஓட்டம் மெதுவாகத் தொடங்கிய தந்திர ஓட்டம், அப்படி ஒட்டிப் பார்க்கக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். சரிதான், வாருங்கள். யார் எந்த வேகத்தில் ஓட முடிவெடுக்கிறார்கள் என்பதும் ஓடுபவரின் கையில் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா? அதிர்ஷ்டம் எதிர்ப்பக்கம் மட்டும் அடிப்பதுமில்லை. மாண்ட்ரியலை ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்ததால் கென்யாவின் மைக் பாய்ட் வரவில்லை. வந்திருந்தால் ஸ்ரீராமின் இடமே வேறாக இருந்திருக்கலாம்.

உலகத்திலேயே பெரிய உதாரணம் வில்சன் கிப்கெட்டர். கென்யாவில் பிறந்து டென்மார்க்கில் குடியேறியவர். 1995, 1997, 1999 என்று மூன்று முறை 800 மீட்டர் உலகச் சாம்பியன். 1996ல் அவரைத் தோற்கடிக்க ஆளில்லை, ஆனால் டென்மார்க் குடியுரிமை முழுமையாகக் கைக்கு வராததால் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஓட முடியவில்லை. அங்கே தங்கம் 1:42.58க்குப் போனது. சில வாரங்களில் இத்தாலியின் ரியெட்டியில் கிப்கெட்டர் 1:41.83 ஓடினார். மறு ஆண்டு உலக சாதனையை 1:41.11க்குக் கொண்டுபோனார். 1998ல் மலேரியா படுக்கையில் தள்ளியது. 2000 சிட்னியில் 0.06 விநாடியில் தங்கம் கைநழுவியது. 2004ல் வெண்கலம். ஒலிம்பிக் தங்கம் கடைசிவரை இல்லை. ஒரு தாசில்தார் ஆபீஸ் கோப்பு போல எங்கோ தேங்கிய குடியுரிமைக் காகிதம்தான் முதல் காரணம். இவரும் உழைப்பில் திருடினாரா?

விளையாட்டை நடத்துபவர்களுக்கே இந்த விஷயம் தெரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் முதல் 1500 மீட்டர் வரையிலான ஓட்டங்களில், முதல் சுற்றில் நேரடியாகத் தகுதி பெறாதவர்களுக்கு இன்னொரு ஓட்டம் வைத்தார்கள். அதுவரை, வேகமான ஹீட்டில் (தகுதி ஓட்டத்தில்) விழுந்தவருக்கு நேரத்தின் அடிப்படையில் அடுத்த சுற்று கிடைக்கும். மெதுவான ஹீட்டில் மாட்டியவர் வீட்டுக்குப் போவார். எந்த ஹீட் யாருக்கு என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று உலகமே ஒப்புக்கொண்டு விதியை மாற்றுகிறது. நம் மேடைப் பேச்சு மட்டும் மாறுவதாக இல்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். உழைப்பின் கூலி என்று பேசுபவர்கள் அவர் பெயர் வந்ததும் பேச்சை மாற்றுவார்கள் என்பதால். 2005ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசியத் தடகளத்தில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2:03.16ல் முடித்து மறுபடி வெள்ளி. மூன்றாவதாக வந்த கசகஸ்தான் வீராங்கனையைவிட 0.03 விநாடி முன்னால். பிறகு பாலினச் சோதனை. பதக்கம் போயிற்று. ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை, தன் உடம்போடு ஓடியதுதான் குற்றம். அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்ச ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். அதற்காக அவரை மெச்ச வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்காக வழக்காட நாட்டில் எந்த அமைப்பும் முன்வரவில்லை. அவர் மறுபடி சூளைக்கே வேலைக்குப் போக நேர்ந்தது. பயிற்சியாளராக அரசு வேலை கிடைக்கப் பத்தாண்டு ஆனது.

இனி ஆண்டுகளை மட்டும் பாருங்கள். 2009 பெர்லினில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 800 மீட்டர் தங்கம் வென்றார். அதே சந்தேகம், அதே சோதனை. அவர் நாடு அவர் பின்னால் நின்றது, பதக்கம் அவரிடமே இருந்தது, 2010 ஜூலையில் மறுபடி ஓட வந்தார். 2014ல் ஒடிசாவின் டூட்டி சந்த் ஒதுக்கப்பட்டார். அவர் வழக்குப் போட, 2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவரை ஒதுக்கிய பாலினத் தகுதி விதியையே நிறுத்திவைத்தது. 2016 ரியோவில் டூட்டி ஓடினார், செமன்யா தங்கம் வாங்கினார். 2019 மே மாதம் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்குப் புது விதி வந்து கதவு மறுபடி சாத்தப்பட்டது. சாந்தியின் அதே கால்கள், அதே நுரையீரல், அதே பயிற்சி அந்த நடு ஆண்டுகளில் தோகாவுக்குப் போயிருந்தால் பதக்கத்தைப் பறிக்க ஒரு விதியும் கிடையாது. பிறந்த ஆண்டு பத்து முன்னே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இதில் அவர் செய்திருக்க வேண்டிய கூடுதல் உழைப்பு எது? யாராவது சொல்லுங்கள்.

விதி, ஜாதகம், ராகு கேது என்று நான் பேசவில்லை. நான் சொல்வதை எங்கள் ஊர்க் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. பாடப்புத்தகம் இதை ஜனநாயகம் என்று சொல்லி முடித்துவிடுகிறது. கல்வெட்டு சொல்வது இன்னும் நுட்பமானது. முதலில் தகுதி: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70க்குள், வேதப் படிப்பு, ஒழுங்காகக் கணக்குக் காட்டியிருக்க வேண்டும். இத்தனையும் தேறியவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டபின், ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் இப்படித்தான் ஆள் வந்தார்கள். ஓலையில் பெயர் வந்தவர் மற்றவரைவிட உசத்தி என்று யாரும் நினைத்திருக்க முடியாது. பதவியும் ஓராண்டுக்குத்தான், முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. தகுதி வேறு, தேர்வு வேறு என்று ஆயிரத்து நூறு ஆண்டு முன்பே பிரித்துப் பார்த்த ஊர் இது. ஓட்டத்திலும் உழைப்பு ஓலையில் பெயரைத்தான் எழுதும்.

அந்தக் குடத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் நானும் மேடைப் பேச்சாளன்தான். அது பிராமண சபை. பெண் பெயர் குடத்தில் இல்லை, அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர் பெயரும் இல்லை. குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பதே முதல் அதிர்ஷ்டம். இன்றைய ஓட்டத்திலும் அதேதான். பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்குத் தலைமையாசிரியரே ஜூனில் ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொள்வது நம் பக்கத்தில் வெகுகாலம் நடந்தது. அந்தத் தேதிதான் பதினான்கு வயதுக்குட்பட்டோரில் ஓடுவதா, பதினேழில் ஓடுவதா என்று தீர்மானித்தது. பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக உள்ள காலத்திலும் ஒரே பிரிவில் பத்து மாதம் மூத்த பிள்ளைக்கு எலும்பும் தசையும் கூட. அவன் ஜெயிப்பான், விளையாட்டு விடுதிக்குப் போவான், நல்ல பயிற்சியாளர் கிடைப்பார், அதன்பின் நிஜமாகவே மேலான ஓட்டக்காரனாவான். இளையவனைப் பார்த்து, அவனைப்போல உழை என்போம். சாலவாக்கத்துக்கு நல்ல பி.டி. சார் வந்தால் ஊரே ஓடும். அவர் மாற்றலாகிப் போனால் மைதானத்தில் கருவேலம் முளைக்கும். மாவட்டப் போட்டித் தேதியில் ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் வந்துவிட்டால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அவளும் வாய் திறப்பதில்லை. 2020ல் பள்ளியின் கடைசி ஆண்டுக்கு வந்தவர்களைக் கேளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கை ஓராண்டு தள்ளிவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பதினெட்டாம் வயதை யாரும் தள்ளிவைக்கவில்லை.

காகிதக் கெடுவுக்கும் ஒரு சாட்சி உண்டு. 2017ல் புவனேஸ்வரில் ஆசியச் சாம்பியனான 1500 மீட்டர் வீராங்கனை பி.யு. சித்ராவை லண்டன் உலகப் போட்டிக்கு அணியில் சேர்க்கவில்லை. கேரள உயர் நீதிமன்றம் சேர்க்கச் சொன்னது. பெயர் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்று உலகச் சம்மேளனம் மறுத்தது. நீதிமன்றமே ஜெயிக்க முடியாத இடத்தில் சித்ராவின் தொடைத் தசை என்ன செய்யும்?

இப்படிச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், பயிற்சியை விட்டுவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள். கவலை நியாயம். ஆனால் பிள்ளைகளைச் சோர்வடைய வைப்பது எது? வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று 62ஆம் அதிகாரம் எழுதினார். அதற்கு முன்னாலேயே, 38ஆம் அதிகாரமாக, ஊழையும் எழுதிவைத்தார். பள்ளிச் சுவரில் முன்னதை மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு, பின்னது இல்லவே இல்லை என்று நடிப்பது நாம்தான். தோற்ற பெண் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறாள், குற்றவாளியாக. அடுத்த ஆண்டு மைதானத்துக்கு வராமல் நிற்பவள் அவள்தான். நன்றாகத்தான் ஓடினாய், ஹீட் சரியாக அமையவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாள்.

அரசுக்கும் இந்த நம்பிக்கை வசதியானது. பதக்கம் உழைப்பின் அளவுகோல் என்றால், பதக்கம் வாங்கியவருக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி என்று 2021ல் தமிழக அரசு அறிவித்தது. கொடுக்கட்டும், வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் இது ஓலை எடுத்தபின் கொடுக்கும் பணம். ஸ்பைக்ஸ், முட்டை, பால், சென்னைக்குப் போட்டிக்குப் போய்வரும் பஸ் கட்டணம், கால் நரம்பு இழுத்துக்கொண்டால் காட்ட ஒரு பிசியோ: இவை தேவைப்படுவது எடுப்பதற்கு முன். மாவட்ட இறுதி ஓட்டத்தில் கோட்டில் நிற்கும் எட்டுப் பேருக்கும் மூன்றாண்டுக்கு இதைக் கொடுத்தால், ஏழு பேருக்குச் செலவழித்தது வீண் என்று தணிக்கையில் எழுதுவார்கள். எழுதட்டும். எந்த ஏழு பேர் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த அதிகாரி யாராவது இருந்தால், அந்தப் பணத்தை அவருக்கே கொடுத்துவிடலாம்.