குறை ஸ்பீக்கரில் இல்லை, அறையில்

"விலை உயர்ந்த ஸ்பீக்கர் எந்த அறையிலும் நன்றாகவே ஒலிக்கும், அறையைக் குறைசொல்வது வெறும் சாக்கு" என்கிறார் நண்பர். மாண்ட்ரியலில் வாழ்பவர் இதைச் சொல்லலாமா? இந்நகரின் சிம்பொனி இசைக்குழு 1980களில் நடத்துநர் ஷார்ல் துத்வா தலைமையில் டெக்கா ஒலிப்பதிவு நிறுவனத்துக்காகச் செய்த புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை வழக்கமாக வாசிக்கும் அரங்கில் செய்யப்பட்டவை அல்ல. நகருக்கு வெளியே, சேந்த்-உஸ்தாஷ் தேவாலயத்தில் செய்யப்பட்டவை. அதே கலைஞர்கள், அதே வாத்தியங்கள். மாறியது இடம் மட்டும். அவர்களுக்கென்றே அமைந்த மேசோன் சிம்பொனிக் அரங்கம் 2011இல்தான் திறந்தது.

வீட்டிலும் இதே கதைதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.4 மீட்டர் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கி நிற்கும். சதுர அறையில் தொல்லை இன்னும் கூடும். அங்கே பெரிய வூஃபரை வைத்தால் இளையராஜா பாடலின் பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் அதிரும், அடுத்தது காணாமல் போகும். கம்பளம் இதற்கு உதவாது. அது மேல்ஸ்தாயி ஒலிகளைத்தான் உறிஞ்சும். சிறிய அறைக்குச் சிறிய ஸ்பீக்கர் போதும். அதை மூலையிலிருந்து வெளியே இழுங்கள், இருக்கையைப் பின்சுவரிலிருந்து நகர்த்துங்கள். சம்பளத்தைச் சேர்த்துவைத்து முதல் ஸ்பீக்கர் வாங்க வரும் இளைஞரிடம் "இன்னும் விலை கூடியதை எடு" என்பது அநியாயம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப்பார்க்க விடும் கடையை அவருக்குக் காட்டுங்கள்.