ஆக்கிரமிப்பு அல்லவாம்!

போர் வேண்டாம் என்று ஒரு நாடு உரக்கச் சொல்லிவிட்டால், போர் அதன் வாயிற்படியை மிதிக்காமல் போய்விடுமா, தோழர்களே? ஈரான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், தான் நடுநிலை நாடு என்று பறைசாற்றிற்று ஈரான். ஆனால் அதனிடம் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, பிரிட்டிஷ் கம்பெனி உறிஞ்சிக்கொண்டிருந்த எண்ணெய். மற்றொன்று, பாரசீக வளைகுடாவிலிருந்து காஸ்பியன் கடல்வரை 1938இல் போட்டு முடித்த, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் இருப்புப்பாதை. அன்னியரிடம் கடன் வாங்காமல், தேயிலைக்கும் சர்க்கரைக்கும் வரி போட்டு, ஏழையின் தேநீர்க் கோப்பையிலிருந்து எடுத்துக் கட்டிய பாதை அது!

1941 ஜூன் 22இல் ஹிட்லரின் படை சோவியத் ரஷ்யாவுக்குள் பாய்ந்தது. ரஷ்யாவுக்குத் தளவாடம் அனுப்ப வழி தேடிய பிரிட்டனின் கண், அந்த இருப்புப்பாதைமீது விழுந்தது. காரணமா கிடைக்காது? ஈரானிலிருக்கும் ஜெர்மானியரை வெளியேற்று என்றனர். ஜெர்மானியர் இருந்தது மெய். அவர்களுள் ஒற்றர் இருந்ததும் மெய். மன்னர் ரேசா ஷா தயங்கியதும் மெய். எனினும், அவர்கள் அத்தனை பேரும் மறுநாளே மூட்டை கட்டியிருந்தாலும், இருப்புப்பாதை கூடவே பெயர்ந்து போயிருக்குமோ?

ஆகஸ்டு 14. தம் அரசைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டென அட்லாண்டிக் சாசனம் வெளியிட்டனர் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும். பதினோராம் நாள் விடியலில், வடக்கே சோவியத் படை, தெற்கிலும் மேற்கிலும் பிரிட்டிஷ் படை! அந்தப் பிரிட்டிஷ் படையில் பெருமளவில் நின்றவர் யார்? நம் நாட்டுச் சிப்பாய்கள். தாமே விலங்கு பூண்டிருந்தோர், பிறர்க்கு விலங்கு பூட்ட ஏவப்பட்டனர்.

ரேசா ஷா ரூஸ்வெல்ட்டுக்கு முறையிட்டார். மறுமொழி வந்தது, படைகள் திரும்பவில்லை. நான்கே நாளில் எதிர்ப்பு ஓய்ந்தது. ஓயாதா? சட்டமன்றத்தைப் பொம்மையாக்கி, மாற்றுக் கருத்தினரைச் சிறையிலடைத்து ஆண்டவர் அவர். ஆபத்து வேளையில் மக்கள் அவர்பின் எப்படித் திரளுவர்? செப்டம்பர் 16இல் முடி துறந்தார்.

1942 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம். அன்னியப் படைகள் தங்கலாம். இருப்புப்பாதையையும் சாலைகளையும் துறைமுகங்களையும் ஆளலாம். ஆனால் இது இராணுவ ஆக்கிரமிப்பு ஆகாது என்று அதிலேயே எழுதிவைத்தனர்! வீடு புகுந்து அடுப்பங்கரையில் அமர்ந்தவன், 'இவர் எம் விருந்தாளி' என்று வீட்டுக்காரனிடமே எழுதி வாங்கிய கதை!

ஹிட்லர் வீழவேண்டியவனே; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தது? போர்த் தளவாடம் வடக்கே போயிற்று. தெஹ்ரானிலோ ரொட்டி இல்லை. 1942 டிசம்பரில், பசியால் கொதித்தெழுந்த கூட்டத்தின்மீது துப்பாக்கி வெடித்தது. 1943 செப்டம்பர் 9இல், போரே வேண்டாமென்ற ஈரான், ஜெர்மனிமீது போர்ப் பிரகடனம் செய்தது. சமாதானப் பந்தியில் தனக்கும் ஓர் இலை விழவேண்டுமே!

மன்னரைக் கப்பலேற்றிப் பம்பாய்வரை கொணர்ந்து, கரையிறங்கவும் விடாது மொரீஷியசுக்கு அனுப்பினர். பின்னர் ஜோகன்னஸ்பர்க். 1944 ஜூலையில் அங்கே அவர் கண் மூடியபோதும், அவர் போட்ட இருப்புப்பாதையில் அன்னியர் சரக்கு வண்டிகள் வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தன.