சாப்பிட்ட பிறகு அல்ல, சாப்பாட்டோடு
மருந்துக்கடைக் கவரில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று கிறுக்கித் தருகிறார்களே, என் தங்கை மாப்பிள்ளைக்கு அது வேதவாக்கு. கணையம் பழுதானவர். சாப்பிட்டு, ஏற்காடு ஏரிப்பக்கம் அரை மணி நடந்துவிட்டுத்தான் என்சைம் கேப்சூலை விழுங்குவார். உடம்பு இளைத்தது, மலத்தில் எண்ணெய் மிதந்தது. “மருந்தே தண்டம்” என்றார்.

மருந்து தண்டமில்லை, கவர்தான் தண்டம்! சோற்றோடு கலந்தால்தானே அது கொழுப்பை உடைக்கும்? முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். கேப்சூல் இரண்டென்றால் ஒன்றைச் சாப்பாட்டின் நடுவில். மெல்லக் கூடாது, வாய் புண்ணாகும். நம் எஸ்டேட் காபியோடும் வேண்டாம், சூடு என்சைமைக் கெடுத்துவிடும். சேலத்து வெயிலில் காருக்குள் கிடந்த டப்பாவையும் நம்பாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் ஜீரண டானிக் இதற்கு ஈடே அல்ல. பலனில்லையென்று நீங்களாக டோஸைக் கூட்டவும் வேண்டாம்.

இது சீமை வியாதியுமல்ல. கேரளத்து டாக்டர் கீவர்கீஸ் கணையச் சர்க்கரை நோய் பற்றி 1968-லேயே புத்தகம் போட்டுவிட்டார். இன்னுமா இரண்டு வார்த்தை விளக்க நேரமில்லை?

இன்னொன்று, இம்மருந்து பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. அதையும் யாரும் சொல்வதில்லை. பிறகு தெரிந்து, வீட்டுக்கே சொல்லாமல் நிறுத்திவிட்ட சைவக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் டாக்டரிடமாவது வாதாடியிருப்பார்.