கோடியக்கரையில் குடியிருந்தவர்கள்

கோடியக்கரை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது பூங்குழலியின் படகுதான். 1950இல் தொடங்கித் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' அந்த முனையை அப்படித் தமிழ் வாசகன் மனத்தில் நிறுத்திவிட்டது. குழகர் கோயிலையும் கலங்கரை விளக்கத்தையும் தேடி இன்றும் வேதாரண்யத்திலிருந்து வண்டி பிடிப்பவர்கள் உண்டு. நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாவலுக்குப் பின் வந்த ஆண்டுகளில் அதே முனைக்கு வேறொரு கூட்டம் வந்து இறங்கியது. கையில் வலையும் தராசும் அலுமினிய வளையங்களும் வைத்திருந்த கூட்டம் அது. அவர்களுக்காகத் தமிழ் உரைநடை செலவிட்ட பக்கங்களை எண்ண ஒரு கைவிரல்களே மிச்சம் என்பதுதான் நம் ஆதங்கம்.

ஸாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் வலசைப் பறவை ஆய்வைத் தொடங்கியது. அதன் முக்கியமான களங்களுள் ஒன்றாகக் கோடியக்கரை அமைந்தது. காரணம் நில அமைப்பிலேயே இருக்கிறது. காவிரிப் படுகை தெற்கே முடிந்து, கடற்கரை சட்டென மேற்கே திரும்பும் மூலை அது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பாக் நீரிணை, நடுவே உலர்ந்த பசுமைக்காடு, வடமேற்கே பரந்த சேற்றுவெளி. ஆர்க்டிக் ஓரத்தில் முட்டையிட்டுவிட்டு வரும் கொசு உள்ளானுக்கு இருபது, முப்பது கிராம் எடைதான். அத்தனை சிறிய உடலோடு அது வந்து இறங்குவது இந்தச் சேற்றில்.

தேசியப் பூங்கா என்ற தகுதி கோடியக்கரைக்கு இல்லை. 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நெல் விளையும் நம் மாவட்டங்களில் தேசியப் பூங்கா ஏதும் கிடையாது. சட்டத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டென்றாலும் அங்கே போய்க் குடியிருக்கும் ஆய்வாளனுக்கு அது பெரிதாகத் தெரியப்போவதில்லை. உப்புக் கரிக்கும் தண்ணீரும் கொசுவும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

குடியிருத்தல் என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். பறவைகள் வருவது வடகிழக்குப் பருவமழையோடு. திருவாரூரிலும் மன்னார்குடியிலும் உழவர் சம்பா வயலில் நிற்கும் அதே நாட்களில் ஆய்வாளன் சேற்றில் நிற்கிறான். கரைப்பறவைகளைப் பிடிக்க நிலவில்லா இரவுகளே உகந்தவை. மெல்லிய நூல்வலையை நீர்விளிம்பில் கட்டிவிட்டு இருட்டில் காத்திருக்க வேண்டும். வலையில் சிக்கிய பறவையை நோகாமல் எடுப்பதும், சிறகையும் அலகையும் அளப்பதும், இறகுதிர்வைக் குறிப்பதும், எடை பார்த்து வளையமிட்டு விடுவதும் ஒவ்வொரு பறவைக்கும் சில நிமிட வேலை. ஒரே இரவில் நூறு பறவை சிக்கினால் விடியும்வரை உறக்கமில்லை. அப்படி வளையமிட்ட பறவைகளுள் மிகச் சிலவே பின்னொரு நாள் வேறெங்கோ கண்டெடுக்கப்படும். அந்தச் சிலவற்றுக்காகப் பல்லாயிரம் பறவைகளை அளந்து எழுதிவைக்கும் பொறுமை எப்படி வருகிறது? ஓரிரு பருவம் வந்து திரும்புகிறவனுக்கு அது வாய்க்காது என்றே தோன்றுகிறது.

இந்தக் கலையைக் கற்றுத் தந்தவர்கள் பட்டம் பெற்றவர்களும் அல்லர். பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார் எனப்படும் பரம்பரைப் பறவை பிடிப்போர் அவர்கள். அலி ஹுசைன் என்ற பெயர் பறவையியலாளர் வட்டாரத்தில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. உணவுக்காகவும் விற்பனைக்காகவும் தலைமுறைகளாகப் பிடித்த கைகள் அளந்து விடுவிப்பதற்காகப் பிடிக்கத் தொடங்கியது ஒரு சிறுகதைக்குப் போதுமான செய்தி. நம் சிறுகதையாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பறவைக்கு வளையமிடுகிறவனை ஊர் ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. நாடே அப்படிப் பார்த்த கதையும் உண்டு. 1960களில் இந்த ஆய்வுக்குக் கிடைத்த பணத்தில் அமெரிக்க இராணுவத்தின் நிதியும் இருந்தது. பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்பது அவர்கள் கேள்வி. 1970களின் நடுவில் இது கிருமிப் போருக்கான ஒத்திகையோ என்ற புயல் எழுந்து, நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவரை போயிற்று. சேற்றில் நின்று உள்ளானின் அலகை அளந்துகொண்டிருந்தவனுக்குத் தன் தராசின் மறுதட்டில் என்ன வைக்கப்பட்டிருந்தது என்பது எவ்வளவு தெரிந்திருக்கும்? அறிவியல் யார் பணத்தில் நடக்கிறது என்று கேட்பது நியாயம். ஆனால் உள்ளூர் மொழியில் யாரும் எதையும் விளக்கி எழுதாத இடத்தில்தான் இத்தகைய ஐயங்கள் கொழுக்கின்றன.

நம் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. எஸ். பாலச்சந்திரன் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கடற்கரையில் பல்லாண்டுகளைக் கழித்திருக்கிறார்கள். பூநாரைகள் குறைந்ததையும், சேற்றுவெளியின் உப்புத்தன்மை மாறியதையும், சீமைக்கருவேலம் வெளிமானின் புல்வெளிக்குள் நுழைந்ததையும் சொல்லத் தகுதியுள்ளவர்கள் இத்தகையோரே. மேட்டூரில் தண்ணீர் திறப்பது நெல்லின் பிரச்சினை என்று மட்டும் நினைக்கிறோம். முள்ளியாறும் வளவனாறும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீரில் சேற்றின் புழுக்களுக்கும் பங்குண்டு. புழுக்களை நம்பித்தான் உள்ளான் வருகிறது. இதை அறிந்தவர்கள் எழுதியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அறிக்கைகளாகவும் ஆய்வுக்கட்டுரைகளாகவும் கிடக்கின்றன. அதற்கு அவர்களைக் குற்றம் சொல்வதைவிட, தமிழில் எழுதும்படி நாம் அவர்களைக் கேட்டதுண்டா என்று பார்ப்பது நேர்மை. ஸாலிம் அலிக்கு 1985இல் ஒரு தன்வரலாறு வாய்த்தது. தமிழில் மா. கிருஷ்ணனும் தியடோர் பாஸ்கரனும் எழுதிக் காட்டினார்கள். ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்த கள ஆய்வாளனின் நூல் என்று எதை எடுத்துக் காட்டுவது?

மரபு இல்லாததால் வந்த குறையுமன்று இது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சத்திமுத்தத்துப் புலவர் தெற்கிலிருந்து வடக்கே திரும்பும் நாரையிடம் தன் வறுமையைச் சொல்லி அனுப்பினார். வலசை என்பது இம்மண்ணின் கவிஞனுக்கு முன்பே தெரிந்திருந்தது. பெயர்களும் நம்மிடம் உண்டு: உள்ளான், ஆலா, பூநாரை. கோட்டான் என்றால் உள்நாட்டில் ஆந்தை. பறவை நூல்களிலோ நீண்டு வளைந்த அலகுடைய கரைப்பறவைக்கும் அதுவே பெயர். இந்த ஒரு சொல் கரைக்கும் வயலுக்கும் இடையில் எப்படிப் பிரிந்தது என்பதே பல பக்கங்களுக்கு வரும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த முனைக்கருகே கரையேறியது. காட்டில் மரங்கள் சாய்ந்தன; வெளிமான்கள் மடிந்தன. நாம் தென்னைக்காக அழுதோம், அது சரியே. காட்டின் இழப்பை அளக்க வேண்டுமானால் முன்பு என்ன இருந்தது என்ற கணக்கு வேண்டும். புயலுக்கு முந்தைய ஆண்டுகளில் அங்கே குடியிருந்து எழுதி வைத்தவர்களின் குறிப்பேடுகளே அந்தக் கணக்கு. மூன்றாண்டுத் திட்டம், அது முடிந்ததும் வேறு ஊர் என்று இளம் ஆய்வாளர்களைத் துரத்திக்கொண்டிருந்தால் அடுத்த புயலுக்குப் பின் அந்தக் கணக்கை யாரிடம் கேட்பது?

மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி காட்டுயிரியல் கற்பிக்கிறது. நெல்வயல்களுக்கு நடுவிலிருந்து அங்கே படித்துக் காடுகளுக்குப் போகும் பிள்ளைகளிடம் நாம் கேட்பது பெரிதில்லை. அளவுகளை ஆங்கிலத்தில் எழுதட்டும். அது அவர்கள் தொழில். பக்கத்திலேயே ஒரு தமிழ் நோட்டும் இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில் வலை கட்ட உதவியவரின் பெயரையும், அவர் அந்தப் பறவையை என்ன சொல்லி அழைத்தார் என்பதையும் எழுதிவைக்கட்டும்.