சோர்ந்து போன காவலர்

பொத்தேரி இரயிலடியில் இறங்குவோரில் ஒரு பாதியினர் கல்லூரி மாணவர். மறு பாதியினர் மருத்துவச் சீட்டும் சோற்றுத் தூக்குமாக மருத்துவமனையை நாடி வருவோர். நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நாட்களில் நாமும் இந்த இரண்டாம் கூட்டத்தோடு கலந்து நடப்பதுண்டு. அண்மையில் அவ்வாறு சென்றபோது, நம் பங்கு இளைஞர் ஒருவரையும் அவருடைய தாயாரையும் வழியிலே கண்டோம்.

இளைஞருக்கு வயது இருபத்தேழு. மறைமலைநகரில் தொழிற்சாலை வேலை. பங்கில் நடந்த இரத்ததான முகாமில் மனமுவந்து இரத்தம் கொடுத்தார். சில நாட்களில் அழைப்பு வந்தது. அவர் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸ் இருக்கிறது என்றார்கள். காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, பசிக்கும் குறைவில்லை. ஆயினும் பரிசோதனைகளில் கல்லீரல் மெல்ல மெல்லப் புண்பட்டு வருவது தெரிந்தது.

தாயார் நம்மைக் கண்டதும் கலங்கிவிட்டார். “சாமி, இவனுக்கு ஒரு கெட்ட சகவாசம் கிடையாது. இது எப்படி வந்தது? எதிர்க்கிற அணுவெல்லாம் சோர்ந்து போச்சுன்னு டாக்டர் சொல்றார். சோறு போடாமலா வளர்த்தேன்?” வீட்டில் மகனுக்குத் தட்டும் தம்ளரும் தனியே வைத்தாயிற்று என்பதைப் பிறகு மகனே சொன்னார்.

ஒழுக்கம் கெட்டதாலா, உடல் வலுவற்றதாலா என்ற இந்த இரண்டு ஐயங்களும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 98 இலட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியார். ஆகவே அந்த மருத்துவரிடம் கேட்டும் படித்தும் நாம் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கல்லீரலைப் புண்படுத்துவது பெரும்பாலும் வைரஸ் அன்று என்பதே நமக்கு முதல் வியப்பு. வைரஸ் குடியேறிய கல்லீரல் அணுவை அழிக்க நம் உடலே அனுப்பும் ‘டி செல்’ என்னும் வெள்ளையணுக்கள்தாம் அழிவைச் செய்கின்றன. வளர்ந்த ஒருவரைப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சில மாதங்களில் அவை வேலையை முடித்துவிடுகின்றன. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தைக்கோ நேர்மாறு. பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் வைரஸ் நிலைத்துவிடுகிறது.

நிலைத்துவிட்ட வைரஸ் ஒரு சூழ்ச்சி செய்கிறது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மேலுறைகளை, முழு வைரஸைப் போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலுமாக, இரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ப்ளூம்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1960களில் கண்டுபிடித்து, 1976-இல் நோபல் பரிசு பெற்றது இந்த உறைப் பொருளுக்காகவே. டி செல்கள் இரவென்றும் பகலென்றும் இல்லாமல் பகைவனின் சாயலையே கண்டு பதறிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது நீடிக்கும்போது, முதலில் பெருகும் திறனை இழக்கின்றன. பிறகு கொல்லும் திறனை. ஈற்றில் சில மடிந்தும் போகின்றன. போர்க்களத்திலே நிற்கின்றன, ஆனால் கை ஓங்குவதில்லை. இதனையே அறிவியலார் சோர்வு என்கின்றனர்.

இந்தச் சோர்வின் உட்பொருளைத் துலக்கியவர்களுள் முதன்மையானவர், ஐதராபாத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் ரஃபி அகமது. நெடுநாள் தொற்றுக்குள்ளான எலிகளில் டி செல்கள் அழியாமலே செயலற்று நிற்பதை அவருடைய குழுவினர் 1998-இல் காட்டினர். அந்த அணுக்களின் மேல் பிடி-1 என்னும் தடை பூட்டப்பட்டிருப்பதையும், அதை விலக்கினால் அவை ஓரளவு மீள்வதையும் 2006-இல் காட்டினர். பிடி-1-ஐ 1992-இல் இனங்கண்ட ஜப்பானியர் ஹோஞ்சோ 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்; அது புற்றுநோய் மருத்துவத்துக்காக.

அப்படியானால் தடையை உடனே விலக்கிவிடலாமே என்று நாமும் கேட்டோம். மருத்துவர் சிரித்தார். தளர்ந்திருந்த அணுக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் எழுந்து தாக்கினால், வைரஸ் குடியிருக்கும் கல்லீரலின் கதி என்ன? அந்தத் தடை உடல் தன்னைத் தானே எரித்துக்கொள்ளாமல் இருக்கப் போட்டுக்கொண்டது. சோர்வை நாம் எப்போதும் குறையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். இங்கே அதில் ஒரு காப்பும் இருக்கிறது.

சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிக் கிடந்த எலியாவின் நினைவு நமக்கு வந்தது. வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, உறங்கவும் விட்டார். பயணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். இன்றைய சிகிச்சையும் ஏறக்குறைய அந்த முறைதான். டெனோஃபோவிர் போன்ற மாத்திரை வைரஸ் பெருகுவதை அடக்குகிறது. கல்லீரலின் புண் தணிகிறது. அணுக்களுக்குச் சற்று மூச்சு விட இடம் கிடைக்கிறது. வைரஸின் மூலம் கல்லீரல் அணுவின் உட்கருவில் ஒளிந்திருப்பதால் அது முற்றும் நீங்குவது அரிது. எனவே மாத்திரையைப் பல்லாண்டுகள் விடாமல் உண்ண வேண்டும். உடல் நலமாய் இருக்கிறதே என்று தாமாக நிறுத்தியவர்க்கு நோய் திடீரென வெகுண்டெழுவதுண்டு. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் இம்மருந்து இலவசம். ஹெபடைடிஸ் சி வைரஸோ பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மருந்திலேயே ஒழிந்துவிடுகிறது. ஆனால் அப்படி ஒழிந்த பின்னும் டி செல்களில் பழைய சோர்வின் தழும்பு எஞ்சியிருப்பதை 2021-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

கீழாநெல்லியைப் பற்றித் தாயார் கேட்டபோது நமக்குச் சங்கடமாயிற்று. நாமே பலருக்கு அதைச் சொல்லியிருக்கிறோம். வெறும் நாட்டுப்புற நம்பிக்கை என்று ஒதுக்கத்தக்கதும் அன்று அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் குழுவினரும் 1988-இல் லான்செட் இதழில் எழுதிய ஆய்வில், கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அந்த உறைப் பொருள் மறைந்தது; வெறும் குளிகை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. நாடே மகிழ்ந்தது. பின்னர்ப் பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அப்பலன் கிட்டவில்லை. மஞ்சள் காமாலையில் பெரும்பகுதி தானே தணிவது. அதன் புகழைப் பச்சிலைக்குக் கொடுத்துவிடுகிறோம் போலும். மாத்திரையை விட்டுவிட்டு இதை நம்ப வேண்டாம் என்று இப்போது சொல்கிறோம். முன்பு நாம் சொன்னதைக் கேட்டவர்களும் இதைப் படிக்கட்டும்.

தட்டைப் பிரிக்கத் தேவையில்லை. உடன் உண்பதாலோ, கை குலுக்குவதாலோ, ஒரே பீடத்தின் முன் நிற்பதாலோ இது தொற்றாது. சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் மட்டும் தனியே வைத்துக்கொள்ளட்டும். திருமணமும் தடையில்லை, மணமகளிடம் மறைக்காமல் சொல்லி, தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும்.

வீட்டிலுள்ளோர் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர் கூறினார். மறு வாரம் தாயார் தனியே வந்து, பங்கு இல்லத் திண்ணையில் வெகுநேரம் பேசாதிருந்தார். வைரஸ் அவரிடமும் இருந்தது. “நானா சாமி கொடுத்தேன்?” என்றார். ஆம் என்று சொல்லவும் இயலவில்லை. இல்லை என்று பொய் சொல்லவும் இயலவில்லை. அவருக்கும் அது தம் தாயிடமிருந்தே வந்திருக்கலாம், அந்நாளில் பேறு பார்த்தவர்க்கும் தெரிந்திராது என்று மட்டும் சொன்னோம். மகன் பிறந்த காலத்தில் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2011-இல்தான் நாடு முழுவதும் பரவியது. இன்று குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்படுகிறது.

மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. வரும் புதன்கிழமை அவளை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறார். பேறுகாலத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிப் போனார்.