மெஷின் இருக்கட்டும், உள்ளே என்ன ஊத்துறீங்க?

அல்ட்ராசோனிக் க்ளீனர் வாங்கப் போனா நாம கேட்கிற கேள்வி ரெண்டே ரெண்டுதான்: எத்தனை லிட்டர்? என்ன விலை? "உள்ளே என்ன ஊத்தணும்?"னு யாரும் கேட்கிறதில்லை. ஆனா பாகம் பிழைக்குமா பாழாகுமா என்பதை முடிவு பண்றது அந்தத் திரவம்தான். இதுக்குத் துப்பாக்கி பாகங்களைவிட நல்ல உதாரணம் கிடையாது.

என்.சி.சி. நண்பர்களுக்கு .22 ரைபிள், புல்-த்ரூ, சிந்தித் துணி எல்லாம் பழக்கம். துணி நுழையாத சின்னச் சின்ன எஃகு பாகங்களுக்குத்தான் இந்த மெஷின். (துப்பாக்கியைப் பிரிக்கிறது அதற்குரிய ஆர்மரரின் வேலை, நாம கை வைக்கக் கூடாது. தோட்டா எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் போகக் கூடாது.) பெரும்பாலான மெஷின்கள் சுமார் 40 கிலோஹெர்ட்ஸில் அதிர்ந்து, திரவத்தில் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். அந்த அடியில் கரி உதிரும். கூடவே, நீங்க ஊத்தின ரசாயனத்தையும் அது மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்க்கும். நல்லதோ கெட்டதோ, எதையும் விடாது.

முதல்ல பெட்ரோல், தின்னர். பைக் ஒர்க்‌ஷாப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டு வராதீங்க. பெட்ரோல் ஆவி உறைநிலைக்கு ரொம்பக் கீழேயே தீப்பிடிக்கும். நம்ம திருவண்ணாமலை வெயில்ல கேட்கவே வேண்டாம். ஹீட்டரும் மின்சாரமும் உள்ள தொட்டியில் அதை ஊத்துறது, தீயைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற மாதிரி.

அடுத்து அமிலம். தீபத்துக்கு முன்னாடி வீட்ல பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாங்க, பளபளன்னு ஆயிடும். புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைப்பதுதான் காரணம். ஆனா துப்பாக்கி எஃகின் மேல இருக்கிற கறுப்புநீலப் பூச்சும் ஒரு இரும்பு ஆக்சைடுதான். வினிகர், சிட்ரிக் அமிலம், துரு நீக்கி எதுவானாலும் துருவோடு சேர்த்து அந்தப் பூச்சையும் தின்னுடும்.

அப்போ காரம்? அலுமினியம் பாகம் இருந்தா காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசர் பக்கமே போகாதீங்க. அலுமினியம் கரையும், ஹைட்ரஜன் வாயு வரும்.

பித்தளைக்கு எதிரி அம்மோனியா. இந்தப் பாடம் நம்ம நாட்டிலேயே கிடைச்சது. பிரிட்டிஷ் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், உறையைத் தயாரிக்கும்போது உலோகத்தில் தங்கிப்போன அழுத்தமும் சேர்ந்துதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவாச்சு. நாம தேர்வுக்கு மனப்பாடம் பண்ற ஸ்ட்ரெஸ் கரோஷன் இதுதான்.

சரி, எதை ஊத்துறது? நீரில் கலக்கும், பி.எச். நடுநிலையை ஒட்டிய, துருத் தடுப்பான் சேர்ந்த டிடர்ஜென்ட் திரவம். தொட்டியில் பல உலோகம் கலந்திருந்தா, அதில் எது பலவீனமோ அதுக்கு ஏத்த திரவத்தைத்தான் எடுக்கணும். கடைக்காரர் "எல்லாத்துக்கும் போடலாம் தம்பி"ன்னு சொன்னா, பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்க. தாள் இல்லைன்னா வாங்காதீங்க. கழுவி எடுத்ததும் நல்ல தண்ணியில் அலசி, உலர்த்தி, உடனே எண்ணெய் போடணும். அழுக்கோடு பழைய எண்ணெயும் போயிருக்கும். கார்த்திகை மழை ஈரத்தில் வெறும் எஃகு துருப்பிடிக்க அதிக நேரம் ஆகாது.

கடைசியா, கழிவு. .22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் ஈயம். அதனால் சுட்ட துப்பாக்கியின் பாகங்களைக் கழுவின தண்ணியில் ஈயம் இருக்கும். கையுறை கட்டாயம். அந்தத் தொட்டியில் கண்ணாடியோ, நகையோ, பாத்திரமோ போடக் கூடாது. சிங்க்கில் ஊத்தினா அது சாக்கடை வழியா ஏதோ ஒரு ஏரியைத் தேடிப் போகும். தனி கேனில் மூடி வைத்து, அபாயக் கழிவாக ஒப்படைக்கணும்.

ஒவ்வொரு லேபிலும் அந்த மெஷினுக்கு மேல ஒரு அட்டை தொங்கணும்: எந்த உலோகத்துக்கு எந்தத் திரவம், எது கூடவே கூடாது, கழிவு எந்தக் கேனில். ஒரு ஏ4 தாள், அரை மணி நேர வேலை. உங்க டிபார்ட்மென்ட்ல இல்லைன்னா, நீங்களே எழுதி ஒட்டுங்க.